எஃப் 832714

பேஸ் கிட்டாரைக் குப்புறப் போட்டால், நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு தெரியும். நான்கு மூலைகளிலும் நான்கு ஸ்க்ரூ. நான் வாங்கிய பேஸின் தகட்டில் ஓர் எழுத்தும் ஆறு எண்களும் பதிந்திருந்தன: எஃப் 832714. அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது.

டோக்கியோவில் ஓச்சனோமிசு நிலையத்தில் இறங்கி, மெய்ஜி பல்கலைக்கழகம் இருக்கும் சரிவில் நடந்தால் வழிநெடுகக் கிட்டார் கடைகள். மாடி ஏறினால் பழைய சரக்கு. நாம் செகண்ட் ஹாண்ட் என்பதை அங்கே ‘சூகோ’ என்கிறார்கள். அப்படி ஒரு மாடியில், சுவரோரமாக, கறுப்பு நிறத்தில், ஓரங்களில் பெயிண்ட் உதிர்ந்து நின்றிருந்தது அது. தலையில் ஐபனெஸ் என்ற பெயர், அதன் பக்கத்தில் ‘ரோட்ஸ்டார் 2’. விலைச் சீட்டில் 1983 என்று எழுதியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோ இருக்கும். இளையராஜாவின் பாட்டுகளில் அடியில் தனியாக ஓடும் அந்த பேஸ் வரியைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஊரில் இருந்தவரை இந்த வாத்தியத்தைத் தொட்டதில்லை. அன்று வாங்கிவிட்டேன்.

நிஷி-கசாய் பக்கம் எங்கள் குடியிருப்பில் தூத்துக்குடிக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஊரில் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசித்தே கை பழகியவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் திருப்பித் தகட்டைத்தான் பார்த்தார்.

“தம்பி, எஃப்னா ஃபுஜிஜென் ஃபாக்டரி. அடுத்த எட்டுதான் வருஷம். இது எண்பத்தெட்டு. அஞ்சு வருஷம் கூட்டிப் போட்டிருக்காங்க.”

“அண்ணே, எஃப்னா ஜூன் மாசம், எண்பத்து மூணு ஜூன்னு கடைக்காரர் சொன்னாரே?”

“அப்படியும் படிக்கலாம். அதான் சிக்கலே.”

இரண்டு பேர் சொன்னதும் முறைப்படி சரி. ஐபனெஸ் வாத்தியங்களுக்குச் சீரியல் நம்பர் வந்ததே 1975 வாக்கில்தான். அதற்கு முந்தையவற்றில் எண்ணே கிடையாது. அன்றிலிருந்து 1986 வரை முதல் எழுத்து மாதத்தைக் குறித்தது. ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, மிச்சம் நான்கும் வரிசை எண். 1987-ல் முறையை மாற்றினார்கள். முதல் எழுத்து தொழிற்சாலையின் பெயருக்கானது. எஃப் என்றால் ஃபுஜிஜென். அடுத்த ஒற்றை இலக்கம் ஆண்டின் கடைசி எண், மிச்சம் ஐந்தும் வரிசை. 1997-ல்தான் ஆண்டுக்கு மறுபடியும் இரண்டு இலக்கங்கள் வந்தன. பழைய முறையில் என் பேஸ் 1983 ஜூன். புதிய முறையில் 1988. இரண்டு முறையிலும் நீளம் ஒன்றே, ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும். மே மாதம் செய்திருந்தால் எண் இ-யில் தொடங்கியிருக்கும், ஃபுஜிஜென் என்ற பேச்சே எழுந்திருக்காது. ஜூனில் பிறந்ததால் வந்த மயக்கம் இது.

பேப்பரை எடுத்து எழுதிப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. எஃப்புக்கு அடுத்து 75 முதல் 79 வரை இருந்தால், அது அந்தந்த ஆண்டின் ஜூனாக இருக்கலாம், அல்லது 1987-ஆக இருக்கலாம். 80 முதல் 86 வரை இருந்தால் அந்தந்த ஆண்டின் ஜூன், அல்லது 1988. குழப்பம் இந்த இரண்டு ஆண்டுகளோடுதான். ஆகவே நான் கேட்க வேண்டிய கேள்வி சுருங்கிவிட்டது: இந்த பேஸை 1988-ல் செய்திருக்க முடியுமா?

ஐந்து வருட வித்தியாசத்துக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அந்த ஐந்து வருடங்களுக்கு நடுவில்தான் ஜப்பானின் கிட்டார் தொழில் புரண்டு படுத்தது. 1983-ல் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 240 யென். 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒப்பந்தம் போட்டன. 1988-ல் டாலருக்கு 130 யென் அளவில் வந்துவிட்டது. ஜப்பானில் செய்த கிட்டாரின் விலை அமெரிக்கக் கடையில் ஏறக்குறைய இரட்டிப்பானது என்று பொருள். மலிவு ரகங்கள் கொரியாவுக்கும் பிறகு இந்தோனேசியாவுக்கும் போயின. எண்ணின் முதல் எழுத்து மாதத்தைக் கைவிட்டுத் தொழிற்சாலையைச் சொல்லத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். ஒரே பெயரில் பல நாடுகளில் செய்யத் தொடங்கினால், எங்கே செய்தது என்பதை எண் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கையில் இருப்பது அந்த மாற்றத்துக்கு முந்தியதா, பிந்தியதா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஐபனெஸ் என்ற பெயரே நெடுந்தூரம் பயணம் செய்து வந்தது. நகோயாவில் ஹோஷினோ குடும்பத்தார் நடத்திய புத்தகக் கடையில் 1908-ல் இசைக்கருவிப் பிரிவு ஒன்று தொடங்கியது. பிற்பாடு ஸ்பெயினின் வலென்சியா நகரத்துக் கிட்டார் கலைஞர் சால்வடோர் இபான்யெஸ் செய்த கிட்டார்களை இறக்குமதி செய்தார்கள். அந்தப் பெயர் பிறகு அவர்களுடைய சொந்தக் கருவிகளின் தலையிலேயே ஏறிவிட்டது. ஹோஷினோ ஒரு வணிக நிறுவனம். ஆர்டர் கொடுக்கும், வாங்கும், விற்கும். மரத்தை அறுத்தவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானது மட்சுமோட்டோ நகரத்தின் ஃபுஜிஜென்.

மட்சுமோட்டோவைப் பற்றிச் சொல்லாமல் ஜப்பானிய கிட்டாரைப் பற்றிப் பேச முடியாது. நாகானோ மாகாணத்தில், கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு நகரம். கறுப்புக் கோட்டை ஒன்று இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஜப்பானின் மற்ற பல இடங்களைவிட அங்கே மழையும் ஈரமும் குறைவு. மர வேலைக்கு உலர்ந்த காற்றுதான் மூலதனம். ஈரக் காற்றில் செதுக்கிய நெக், வறண்ட ஊருக்குப் போனால் முறுக்கிக்கொள்ளும். தச்சும் மேசை நாற்காலி வேலையும் தலைமுறை தலைமுறையாக நடந்த ஊர் அது. வயலின் கற்பிக்கும் முறையில் உலகப் புகழ் பெற்ற ஷினிச்சி சுஸுகி 1946-ல் தன் பள்ளியைத் தொடங்கியதும் அங்கேதான்.

அதே ஊரில் 1951-ல் மட்சுமொக்கு என்ற மர நிறுவனம் தோன்றியது. நம் வீடுகளில் பாட்டிமார் மிதித்த சிங்கர் தையல் மிஷின் இருக்கிறதே, அந்த சிங்கருக்கு மரப்பெட்டி செய்துகொடுத்தவர்கள் இவர்கள். அந்தக் கைகளே பின்னால் ஆரியா ப்ரோ 2 பேஸ்களைச் செய்தன. மெட்டாலிக்காவின் கிளிஃப் பர்ட்டனும் டூரன் டூரனின் ஜான் டெய்லரும் வாசித்த ஆரியா பேஸ்கள் தையல் மிஷின் பெட்டி செய்த பட்டறையின் பிள்ளைகள். மட்சுமொக்கு 1987-ல் மூடிவிட்டது. மூடிய தொழிற்சாலை என்பது தேதி தேடுகிறவனுக்கு உறுதியான எல்லைக்கல். அங்கே செய்த எதற்கும் 1988 என்று தேதி போட முடியாது.

ஃபுஜிஜென்னை 1960-ல் தொடங்கியவர்கள் யுடாகா மிமுராவும் யுயிச்சிரோ யோகோஉச்சியும். யோகோஉச்சி விவசாயம் பார்த்தவர். முதலில் கிளாசிகல் கிட்டார்கள், பிறகு எலெக்ட்ரிக். 1960களின் நடுவில் தி வெஞ்சர்ஸ் குழு ஜப்பானைச் சுற்றி வந்தது, 1966-ல் பீட்டில்ஸ் புதோகான் அரங்கில் வாசித்தார்கள், ஊரெங்கும் ‘எரெகி’, அதாவது எலெக்ட்ரிக் கிட்டார் மோகம். கிட்டார் தொழிற்சாலைகள் மழைக்காளான் போல முளைத்தன. மோகம் தணிந்ததும் பாதி காணாமல் போயின. தாக்குப்பிடித்தவர்கள் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்து அப்படியே செய்யக் கற்றவர்கள்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டும். 1970களில் ஜப்பானில் செய்த எந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தாலும், விற்கிறவர் ‘வழக்குக் காலத்துச் சரக்கு’ என்கிறார். விலையும் ஏறுகிறது. வழக்கு ஒன்றே ஒன்றுதான். கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின் 1977 ஜூனில் ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது பென்சில்வேனியாவில் தொடுத்தது. தகராறு கிட்டாரின் தலை வடிவத்தைப் பற்றி மட்டும். ஐபனெஸ் அதற்குள் அந்த வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. 1978-ல் சமரசமாக முடிந்தது. ஃபெண்டரைப் போன்ற பேஸ்களுக்கும் அந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வேறு கம்பெனிகள் செய்தவற்றுக்கும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லி விற்பது தவறு. வாங்குகிறவர் ஏமாறுவதோடு, உண்மையில் அந்தக் கருவியைச் செய்தவர்களின் வரலாறும் அழிகிறது.

ஃபெண்டர் வழக்குப் போடவில்லை, கைகோத்துக்கொண்டது. 1982 மார்ச்சில் கண்டா ஷோகாய், யமானோ கக்கி என்ற இரண்டு ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் உருவானது. செய்கிற வேலை ஃபுஜிஜென்னுக்குப் போனது. நகல் செய்து பழகிய கைகளுக்கே அசலின் பெயர் கிடைத்தது. ஜேவி என்று தொடங்கும் அந்த முதல் எண்கள் 1982 முதல் 1984 வரைக்கும் உரியவை, இன்றைக்குச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதன் பிறகு வந்த எண்களில்தான் வழுக்கி விழுகிறவர்கள் அதிகம். அமெரிக்க ஃபெண்டரில் எஸ் என்றால் எழுபதுகள், இ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். அடுத்த எண் ஆண்டு. இ4 என்றால் 1984. ஜப்பானிய ஃபெண்டரிலும் இ உண்டு, ஆனால் அதற்குப் பின்வரும் இலக்கம் ஆண்டைச் சொல்லாது. 1984-லிருந்து 1987 வரை அந்த வரிசை ஓடியது, அவ்வளவே. அமெரிக்கக் கணக்கை ஜப்பானிய நெக்கில் போட்டுப் பார்த்தால் தவறான விடைதான் வரும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஏ என்று தொடங்கும் ஜப்பானிய ஃபெண்டர் எண் 1985 வாக்கில் ஒருமுறை வந்தது, 1997 வாக்கில் மறுபடி வந்தது. எழுத்து ஒன்றே. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசகத்தைப் படிக்க வேண்டும். ‘மேட் இன் ஜப்பான்’ என்றிருந்தால் முதல் சுற்று, ‘கிராஃப்டட் இன் ஜப்பான்’ என்றிருந்தால் இரண்டாம் சுற்று. ஒரே ஒரு சொல்லின் மாற்றம் பன்னிரண்டு வருடங்களைப் பிரித்துவிடுகிறது. அந்தச் சொல்லைச் சுரண்டி எடுத்த நெக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்கச் சரக்கு என்று விற்பதற்காக யாரோ செய்த வேலை. அப்படிச் சுரண்டிய நெக்கைக் கையில் எடுக்கவே எனக்கு மனம் வராது.

கம்பெனிக்கு ஒரு கணக்கு. யமஹாவின் பழைய சிவப்பு லேபிள் கிட்டார்களுக்குள் 44 என்று முத்திரை இருந்தால் அது 1944 இல்லை. ஷோவா சகாப்தத்தின் 44-ஆம் ஆண்டு, 1925-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், 1969. நம் ஊரில் விபவ, சுக்கில என்று ஆண்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஷோவா 64 ஏழே நாள் இருந்தது. 1989 ஜனவரி 7-ல் பேரரசர் இறந்தார், மறுநாளே ஹெய்செய் 1 தொடங்கிவிட்டது.

என் பேஸுக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர் பெட்டி. “தகட்டை மட்டும் நம்பாத தம்பி. நாலு ஸ்க்ரூவக் கழட்டினா எவன் தகட்டையும் எதுல வேணாலும் போடலாம்.” சரிதான். எண் இருப்பது பேஸில் இல்லை, பேஸின்மேல் போட்ட ஒரு துண்டுத் தகட்டில். வண்டியின் நம்பர் பிளேட்டை மாற்றுவது போல மாற்றிவிடலாம். ஆகவே திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். நான்கு கம்பிகளும் நெக்கை இழுத்துப் பிடித்திருக்கும். இழுவையோடு ஸ்க்ரூவைக் கழற்றினால் மரம் பிளந்துவிடும். அண்ணன் எடுத்த டிரைவர் ஜப்பானியத் தரத்துக் கூட்டல் முனை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் போலவே இருக்கும், ஆனால் முனையின் வளைவு வேறு. சாதாரண டிரைவரைப் போட்டால் ஜப்பானிய ஸ்க்ரூவின் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். எங்கள் நான்கு ஸ்க்ரூக்களின் தலைகளும் கூர் மழுங்காமல் இருந்தன. இதை முன்பு யாராவது திறந்திருந்தால், சரியான கருவியோடு திறந்திருக்கிறார்கள்.

தகட்டை எடுத்தோம். அதன் அடியில் பெயிண்ட் பளபளப்பாக, சுற்றியிருந்ததைவிட ஆழ்ந்த கறுப்பில் இருந்தது. வெயில் படாத இடம். அந்தக் கறுப்புச் சதுரத்தின் விளிம்பும் தகட்டின் விளிம்பும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. வேறொரு தகடு இடையில் இருந்திருந்தால் நிழல் இரட்டையாகத் தெரியும். ஸ்க்ரூ ஓட்டைகளும் ஒரே தொகுதிதான். இந்தத் தகடு இந்த பேஸின் தகடுதான் என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

நெக்கைக் கழற்றினோம். சில தொழிற்சாலைகளில் நெக்கின் அடிப்பகுதியிலோ, அது உட்காரும் குழியிலோ தேதி முத்திரை குத்துவார்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. பென்சிலால் வேகமாக இழுத்த ஒரு குறி மட்டும் இருந்தது. எழுத்தா எண்ணா என்றுகூட சொல்ல முடியாது. மரத்தைத் தேய்த்துச் சரிபார்த்து அடுத்த மேசைக்கு அனுப்பிய ஒரு தொழிலாளியின் அடையாளம். தேதி கிடைக்காத ஏமாற்றம் அதைப் பார்த்ததும் போய்விட்டது. கடையில் வாங்கிய பொருளாக இருந்தது, அந்த நிமிடம் முதல் ஒரு மனிதர் செய்த பொருளானது.

அடுத்து வால்யூம் குமிழ்களின் கீழே இருக்கும் பாட்டுகள். இசைக் கடைகளில் ‘பாட்’ என்றே சொல்வார்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சுழல் கருவி. அமெரிக்கப் பழைய கிட்டார்களில் தேதி தேடுகிறவர்களுக்கு இவை பொக்கிஷம். முதுகில் 137-6612 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 66 ஆண்டு, 12 அந்த ஆண்டின் பன்னிரண்டாவது வாரம். ஜப்பானிய பாட்டுகளில் பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் வேறொரு சாட்சி கிடைத்தது. அமெரிக்க பாட்டின் தண்டில் 24 பற்கள், ஜப்பானிய மெட்ரிக் தண்டில் 18. அண்ணனிடம் இருந்த அமெரிக்கக் குமிழைப் போட்டுப் பார்த்தோம், உட்காரவில்லை. பற்றவைத்த ஈயமும் முதலில் வைத்ததுபோலவே வழவழப்பாக இருந்தது. உள்ளே யாரும் கைவைக்கவில்லை.

ஆக, தகடு அசல், உள்ளுறுப்புகளும் அசல். இனி எண்ணுக்கு எந்த அர்த்தம் என்பதுதான் பாக்கி. அதற்கான விடை முதல் நாளிலிருந்து எங்கள் கண் முன்னாலேயே இருந்தது: பேஸின் தலையில், ‘ரோட்ஸ்டார் 2’.

ஐபனெஸ் ஆண்டுதோறும் விற்பனைப் பட்டியல் அச்சடித்தது. எந்த மாடல் எந்த ஆண்டு விற்பனைக்கு இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. ரோட்ஸ்டார் 2 வரிசை 1980களின் முற்பாதிக்கு உரியது. 1983-ல் அது உண்டு. 1987-ல் சவுண்ட்கியர் என்ற மெலிந்த, இலகுவான பேஸ் வரிசை வந்தது, இன்றுவரை ஐபனெஸ் பேஸ் என்றால் பலருக்கு அதுதான் நினைவுக்கு வரும். 1988-ல் கடைக்கு வந்த ஐபனெஸ் பேஸின் தலையில் ரோட்ஸ்டார் 2 என்று எழுதியிருக்க வழியில்லை. எனவே எஃப் என்பது மாதம். அடுத்த 83 ஆண்டு. கடைக்காரர் எழுதியதுதான் சரி. அண்ணன் சிரித்துக்கொண்டே, “சரி தம்பி, உன் பேஸ் என் மகளைவிட மூத்தது” என்றார்.

இதில் அண்ணன் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். தலையில் வேறு பெயர் இருந்திருந்தால் அவர் சொன்னதே சரியாகியிருக்கும். அன்று அவர் சந்தேகப்பட்டிராவிட்டால், 1983 என்பது விலைச் சீட்டில் யாரோ எழுதிய எண்ணாகவே இருந்திருக்கும். ஃபுஜிஜென் என்ற அவருடைய சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாத எழுத்துக் காலத்து எண் தொழிற்சாலையைச் சொல்வதில்லை. அந்தக் காலத்து ஐபனெஸ்களில் பெரும்பகுதி ஃபுஜிஜென்னில் செய்தவை என்பது வரலாறு. ஆனால் என் தகட்டில் இருக்கும் எஃப் அதற்குச் சாட்சி இல்லை. எண்ணிடம் அது சொல்லாததைச் சொல்ல வைக்கக் கூடாது.

தேதி தெரிந்த பிறகு, விரல் பலகையை வேறு கண்ணோடு பார்த்தேன். நெக்கின் மேல் ஒட்டிய கரும்பழுப்புப் பலகை, விரல்கள் அழுந்தி அழுந்தி ஃப்ரெட்டுகளுக்கு இடையே மெலிதாகக் குழிந்திருந்தது. ரோஸ்வுட். 1960களின் முடிவில் பிரேசில் தன் ரோஸ்வுட்டைக் கட்டைகளாக வெளியே அனுப்புவதைக் கட்டுப்படுத்தியபின், உலகத்தின் கிட்டார் தொழில் இந்திய ரோஸ்வுட்டின் பக்கம் திரும்பியது. அது நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரியிலும் கூடலூரிலும் வயநாட்டிலும் நிற்கும் அதே மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிப் பலகைகள் கப்பலேறி, வேறு நாட்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் பட்டறைகளில் கிட்டார்களின் விரல் பலகையாயின. 1983-ல் செய்த கருவியில் இருக்கும் மரம் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே முளைத்திருக்கும். வாத்தியத்தின் வயதை ஜூன் 1983 என்கிறோம், மரத்தின் வயதை எந்தத் தகடும் சொல்லாது.

இந்த மரத்தால்தான் தேதிக்குச் சட்டத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1992-ல் பிரேசில் ரோஸ்வுட்டை மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் குடும்பம் முழுவதுமே கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நம் ஈட்டியும் சேர்த்துத்தான். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் பழைய கிட்டார் ஒன்றை நாடு விட்டு நாடு விற்கவே தாள் தேவைப்பட்டது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. அந்த மரம் இருக்கும் பழைய கருவியை எல்லை தாண்டிக் கொண்டுபோக வேண்டுமானால், அது எப்போது செய்தது என்று நிரூபித்தாக வேண்டும். சீட்டில் கையால் எழுதிய ஆண்டு அங்கே செல்லாது.

பேஸை மறுபடி பூட்டினோம். நெக்கின் அடியில் இருந்த பென்சில் குறியைத் துடைக்கவில்லை. பூட்டும் முன் கைப்பேசியில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்: தகடு, தகட்டின் நிழல், ஓட்டைகள், பாட்டுகள், ஈயம், குறி. ஒரு சின்னத் தாளில் திறந்த தேதியையும், என்ன பார்த்தோம் என்பதையும், எதையும் மாற்றவில்லை என்பதையும் எழுதி உறையில் போட்டுப் பெட்டியின் பையில் வைத்தேன். எனக்குப் பிறகு இதை வாங்குகிறவர் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டாம்.

உங்களிடமும் அப்படியொரு பழைய ஜப்பானிய பேஸோ கிட்டாரோ இருந்தால், ஒரு வேண்டுகோள். திறந்தால் படம் எடுத்துவிட்டுத் திறங்கள். உள்ளே இருக்கும் முத்திரையையும் பென்சில் எழுத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பாட்டையோ ட்யூனரையோ மாற்றினால் கழற்றியதை எறியாமல் ஓர் உறையில் போட்டுக் கருவியோடே வையுங்கள். விற்கும்போது தெரிந்த ஆண்டை மட்டும் சொல்லுங்கள்.